பிரிந்தவர்களும் பிள்ளைச் செலவும்

ஓர் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் நம்மையும் அழைத்து உட்கார வைத்திருந்தார்கள். தலாக் நிகழ்ந்து, இத்தாவும் முடிந்து, ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்ட இருவரின் வழக்கு அது. மஹர், இத்தாச் செலவு, சீர்ப் பொருள்கள் ஆகியவை யாவும் முன்பே தீர்ந்து விட்டன. எஞ்சி நின்றது ஒரே ஒரு விவகாரம். அவர்களுடைய ஆறு வயது மகனின் செலவு.

பெண்ணின் அண்ணன் ஒரு நோட்டுத் தாளை மேசை மீது வைத்தார். பள்ளிக் கட்டணத்தை மாதத்திற்குப் பிரித்து எழுதி, அதன் கீழ் வேன் வாடகை, பால், மளிகை, துணிமணி, மருந்து என்று வரிசைப்படுத்திக் கூட்டியிருந்தார்கள். மொத்தம் 6,000 ரூபாய். முன்னாள் கணவர் அதை நிதானமாகப் படித்துப் பார்த்தார். தனியார் நிறுவனம் ஒன்றில் ஓட்டுநராக இருப்பவர். சம்பளம் 22,000 ரூபாய். ஒழுங்காகத் தொழுகிறவர், முரடர் அல்லர்.

"ஹஜ்ரத், நான் தர மாட்டேன் என்று சொல்லவில்லை. 6,000 என்றால் 3,000 என்னுடையது, 3,000 அவளுடையது. அவளும்தான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து 11,000 வாங்குகிறாள். பிள்ளை இரண்டு பேருக்கும் பொதுதானே?" என்றார்.

சுற்றிலும் அமர்ந்திருந்த பெரியவர்கள் தலையசைத்தார்கள். பாதிக்குப் பாதி என்ற சொல்லுக்கு ஒரு வசியம் உண்டு. அது காதில் விழுந்தவுடன் நீதி கிடைத்து விட்டதைப் போல மனம் அமைதி அடைந்து விடுகிறது. நம்மையும் அந்த வாதம் ஒரு கணம் பிடித்துக் கொண்டது என்பதை மறைப்பதற்கில்லை. அப்போது தடுப்புக்கு அப்பால் இருந்து அந்தப் பெண் ஒன்று சொன்னார்:

"கணக்கை எழுதியது நான்தான் ஹஜ்ரத். ஆனால் எல்லாவற்றையும் எழுத முடியவில்லை."

அந்த ஒரு வார்த்தைக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

திருமறையின் அல்பகரா அத்தியாயம் 233-வது வசனம் இவ்விஷயத்தில் நமக்கு அடிப்படை. பாலூட்டுவதைப் பற்றிப் பேசத் தொடங்கும் அந்த வசனம், பாலூட்டும் தாய்மாரின் உணவும் உடையும் தந்தையின் மீது கடமை என்று கூறுகிறது. ஆனால் அங்கே தந்தையைக் குறிக்க 'வாலித்' என்ற எளிய சொல்லை அல்லாஹு தஆலா பயன்படுத்தவில்லை. 'மவ்லூது லஹு' என்கிறான். அதாவது, எவனுக்காகப் பிள்ளை பெறப்பட்டதோ அவன். விரிவுரையாளர்கள் இச்சொல்லின் அருகில் நின்று யோசித்திருக்கிறார்கள். பிள்ளையின் வமிசம் தந்தையைச் சார்ந்தது. அவனுடைய பெயரால் அழைக்கப்படுவது. ஆகவே செலவும் அவனைச் சார்ந்தது என்ற காரணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்று அவர்கள் விளக்கம் தருகிறார்கள். நம் ஊர் வழக்கில் சொல்வதானால், அந்தச் சிறுவனின் பெயருக்கு முன்னால் நிற்கும் தலைப்பெழுத்து யாருடையதோ, பள்ளிக் கட்டணச் சீட்டும் அவருடையது. தலைப்பெழுத்தில் பாதியை அவர் விட்டுக் கொடுக்கவில்லையே!

குறைஷித் தலைவர் உத்பாவின் மகளும் அபூஸுஃப்யானின் மனைவியுமான ஹிந்த் (ரலி) அவர்கள், கணவர் கையை இறுக்கிக் கொள்கிறார், போதிய செலவு தருவதில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் முறையிட்ட வரலாறு புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. உனக்கும் உன் பிள்ளைக்கும் முறைப்படி போதுமானதை அவருடைய பொருளிலிருந்து எடுத்துக் கொள் என்று நபியவர்கள் அனுமதி அளித்தார்கள். ஹிந்த் வறியவர் வீட்டுப் பெண் அல்லர். எனினும் அவரிடம் இருப்பது எவ்வளவு என்று கேட்கப்படவில்லை. பாதியை நீ போட்டுக் கொள் என்று சொல்லப்படவும் இல்லை. பிள்ளைக்குப் போதுமானது எவ்வளவு என்பதே அங்கு அளவுகோலாக இருந்தது.

இனி, எழுத முடியாத கணக்கிற்கு வருவோம். நமது ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் பிரிந்து போன தாயிடம் வளரும் பிள்ளைக்காகத் தந்தையின் மீது மூன்று பொறுப்புகளைத் தனித்தனியே சொல்கின்றன. பாலூட்டுவதற்கான கூலி, வளர்ப்பதற்கான கூலி, பிள்ளையின் சொந்தச் செலவு ஆகிய மூன்றும் அவை. இத்தா முடிந்த பின் தாய் இந்த முதலிரண்டையும் கேட்டுப் பெற உரிமை உடையவள். பாலூட்டினால் கூலியைக் கொடுத்து விடுங்கள் என்ற கட்டளை அத்தலாக் அத்தியாயம் 6-வது வசனத்திலேயே உள்ளது.

தாய்க்குக் கூலியா என்று சில சகோதரர்கள் முகம் சுளிப்பார்கள். தாய்ப் பாசத்தை விலை பேசுவதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. உண்மையில் பேசப்படுவது பாசம் அன்று, உழைப்பு. அந்தப் பெண்ணின் தாளில் மருந்து 300 ரூபாய் என்று ஒரு வரி இருந்தது. காய்ச்சல் வந்த மூன்று இரவுகள் விழித்திருந்ததற்கும், பள்ளிக்கு விடுப்பெடுத்துச் சம்பளம் பிடிக்கப்பட்டதற்கும் வரி ஏதும் இல்லை. காலை ஐந்தரை மணிக்கு எழுந்து சோறு கட்டுவதும், மாலையில் வீட்டுப் பாடமும், மக்தபுக்குக் கொண்டு போய் விட்டு அழைத்து வருவதும், பிள்ளை இருக்கிற காரணத்தால் தூரத்தில் கிடைத்த நல்ல வேலையை வேண்டாம் என்று விட்டதும் எந்தத் தாளில் வரும்? இவற்றை எல்லாம் அவள் ஏற்கெனவே முழுதாகக் கொடுத்துக் கொண்டிருக்கிறாள். அதற்கு மேல் ரொக்கத்திலும் பாதி என்றால், அது பாதிக்குப் பாதி ஆகுமா?

வேறோர் அளவுகோலாலும் அதைப் பார்த்து விடலாம். மாற்றுச் சமயத் தம்பதியர் வழக்கொன்றில் 2000-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம், தாய் தந்தை இருவரும் சம்பாதிக்கும்போது அவரவர் வருமானத்தின் விகிதப்படி பிள்ளைச் செலவைத் தாங்க வேண்டும் என்று கூறி, தந்தைக்கு இரண்டு பங்கு, தாய்க்கு ஒரு பங்கு எனப் பிரித்தது. அது நம் ஷரீஅத் சட்டப்படி அமைந்த தீர்ப்பன்று. அதை இங்கு ஆதாரமாகக் காட்டவும் இல்லை. ஆனால் இருவர் மீதும் கடமையை வைக்கும் சட்டம்கூட சரிபாதி என்று சொல்லவில்லை. 22,000 வாங்குபவரும் 11,000 வாங்குபவரும் ஆளுக்கு 3,000 எடுத்து வைத்தால் ஒருவருக்குப் போவது ஏழில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்றவருக்குப் போவது நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம்.

அப்படியானால் சம்பாதிக்கும் தாய் தன் பிள்ளைக்கு ஒரு காசும் செலவழிக்கக் கூடாதா என்று கேட்கலாம். தாராளமாகச் செலவழிக்கலாம், செலவழிக்காத தாயை நாம் கண்டதும் இல்லை. அபூஸலமா (ரலி) அவர்கள் இறந்த பின் உம்முஸலமா (ரலி) அவர்கள், அவருடைய பிள்ளைகளுக்காக நான் செலவிடுவதில் எனக்கு நன்மை உண்டா, அவர்கள் என் பிள்ளைகளும் ஆயிற்றே, அவர்களை நான் கைவிடப் போவதில்லையே என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். உண்டு என்று பதில் கிடைத்தது. தாய் கொடுப்பது அவளுடைய நன்மை. அவளுடைய ஏட்டில் எழுதப்படுவது. அதை எடுத்துத் தன் கடனில் கழித்துக் கொள்ளத் தந்தைக்கு வழியில்லை. ஒருவர் செய்த தருமத்தைக் காட்டி இன்னொருவர் தம் கடன் அடைந்தது என்று சொல்ல முடியுமா?

பிள்ளைக்கென்று சொந்தப் பொருள் இருந்தால் விஷயம் வேறு. பெயர் சூட்டிய நாளில் உறவினர் அன்பளிப்பாகப் போட்ட அரைஞாணும் மோதிரமும் யாருடையவை என்று எந்தப் பஞ்சாயத்திலும் யாரும் கேட்பதில்லை. அவை பிள்ளையுடையவை. பிள்ளைக்குச் சொத்திருந்தால் அதன் செலவு முதலில் அதிலிருந்தே என்பது ஃபிக்ஹுச் சட்டம். ஆனால் நடப்பில் அந்தத் தங்கம் பிரிவுக்கு முன்பே அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

தந்தை உண்மையிலேயே இல்லாதவராக இருந்தால்? இது கடினமான இடம். வசதியுள்ளவன் தன் வசதிக்கேற்பவும், வாழ்வாதாரம் சுருக்கப்பட்டவன் அல்லாஹ் தனக்குக் கொடுத்ததிலிருந்தும் செலவழிக்கட்டும் என்ற கருத்தில் அத்தலாக் அத்தியாயம் 7-வது வசனம் அமைந்திருக்கிறது. ஆகவே கூலி வேலை செய்பவரிடம் ஆங்கிலப் பள்ளிக் கட்டணத்தைக் கேட்டு நெருக்குவது மார்க்கம் அன்று. ஆனால் சுருக்கப்பட்டவனும் 'அதிலிருந்து' கொடுக்க வேண்டுமே தவிர, கணக்கிலிருந்து அவன் நீங்கி விடவில்லை. 500 ரூபாய்தான் முடியும் என்றால் அந்த 500 மாதந்தோறும் வர வேண்டும். தந்தை ஏழையாகவும் தாய் வசதி உள்ளவளாகவும் இருந்தால் தாய் செலவழிக்கும்படி ஏவப்படுவாள். ஆனால் அது தந்தையின் மீது கடனாக நிற்கும் என்று ஹனஃபி இமாம்கள் சொல்கிறார்கள். நம் கடலோர ஊர்களில் உள்ள ஷாஃபிஈ சகோதரர்களின் மத்ஹபில், தந்தைக்கு இயலாதபோது தந்தையின் தந்தையிடம் பொறுப்பு போகிறது. அவருக்குப் பின்னரே தாயிடம் வருகிறது. நடைமுறையில் பாட்டனார்கள் பேரனைப் பெருநாள் அன்று மடியில் உட்கார வைத்துக் கொள்வதோடு தம் பங்கு முடிந்தது என்று எண்ணுகிறார்கள்.

பெருநாள் என்றவுடன் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. பதினொரு மாதம் ஒன்றும் தராமல் இருந்து விட்டுப் பெருநாளுக்கு விலையுயர்ந்த சைக்கிளோடு வந்து நிற்கும் தந்தையர் உண்டு. பிள்ளை துள்ளிக் குதிக்கிறது. பதினொரு மாதம் பால் வாங்கிய தாய் கடுகடுப்பானவளாகவும், ஒரு நாள் சைக்கிள் வாங்கிய அத்தா நல்லவராகவும் பிள்ளையின் மனத்தில் பதிந்து விடுகிறார்கள். சைக்கிள் அன்பளிப்பு; நஃபகா அன்று. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

இவ்வளவும் தந்தையைப் பற்றிச் சொல்லி விட்டோம். தாயின் பக்கமும் சொல்ல வேண்டியது உண்டு. அதே 233-வது வசனம் தாய் தன் பிள்ளையின் காரணமாகத் துன்புறுத்தப்படக் கூடாது என்று சொன்ன கையோடு, தந்தையும் தன் பிள்ளையின் காரணமாகத் துன்புறுத்தப்படக் கூடாது என்கிறது. அதன் பின்னரே பால் மறக்கடிப்பதைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாண்டுக்கு முன்பாகப் பாலை நிறுத்துவதாக இருந்தால், இருவரும் மனமொத்து, கலந்து பேசிச் செய்யட்டும் என்று வழி காட்டுகிறது. வாசகர்கள் இதைச் சற்று ஆழ்ந்து பார்க்க வேண்டும். ஒரு குழந்தையின் பாலை நிறுத்துவதற்கே இருவரின் ஆலோசனை வேண்டும் என்றால், பள்ளியை மாற்றுவதற்கு வேண்டாமா? தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இரு மடங்கு கட்டணமுள்ள பள்ளியில் சேர்த்து விட்டு, ரசீதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பது முறையன்று. அவர் பணத்தில் மட்டும் தந்தையாகவும், முடிவில் அந்நியராகவும் இருக்க வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இல்லை.

அதைவிட மோசமானது, பணம் வரவில்லை என்பதற்காகப் பிள்ளையைக் காட்ட மறுப்பது. அதற்கு நிகரானது, பிள்ளையைக் காட்டவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்துவது. இரண்டிலும் ஒரே தவறு இருக்கிறது. அந்தப் பணம் தாய்க்கும் தந்தைக்கும் இடையிலுள்ள கடன் என்று இருவரும் எண்ணிக் கொள்கிறார்கள். கடன்காரர் மேல் உள்ள கோபத்தை அடகுப் பொருளில் காட்டுவதைப் போலப் பிள்ளையைப் பிடித்து வைக்கிறார்கள். அது பிள்ளைக்கு உரிய பணம். தாய் அதை வாங்கிச் செலவிடும் கை மட்டுமே. தந்தையைப் பார்ப்பதும் பிள்ளையின் உரிமை. அதற்குக் கட்டணம் இல்லை.

உமர் (ரலி) அவர்கள் தாம் பிரிந்த அன்ஸாரிப் பெண்ணிடம் வளர்ந்த தம் மகன் ஆஸிமைக் குபாப் பள்ளிவாசல் முற்றத்தில் விளையாடக் கண்டு, தூக்கித் தம் வாகனத்தின் முன் அமர்த்திக் கொண்டார்கள். பிள்ளையின் பாட்டி வந்து தடுத்தார். வழக்கு கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் போயிற்று. பிள்ளையை அந்த அம்மையாரிடம் விட்டு விடும்படி அவர்கள் சொன்னார்கள். உமர் (ரலி) அவர்கள் மறுவார்த்தை பேசவில்லை என்று முவத்தா குறிப்பிடுகிறது. யாரிடம் பிள்ளை இருப்பது அதற்கு நல்லது என்பதே அங்கு பார்க்கப்பட்டது. எதிரே நின்றவர் உமராக இருந்தும் தீர்ப்பு மாறவில்லை.

நம் ஜமாஅத்துகளின் மீதும் ஒரு குறை உண்டு. உலமாக்களாகிய நாமும் அதில் பங்குடையவர்களே. குல்உ கேட்டு வரும் பெண்ணிடம், "பிள்ளைக்கு ஒன்றும் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் இப்போதே விடுதலை தருகிறார்" என்று பேசி முடித்து விடுகிறோம். அவளும் விட்டால் போதும் என்று முச்சலிக்கையில் கையெழுத்துப் போடுகிறாள். இரு தரப்பும் ஸலாம் சொல்லிக் கலைகிறார்கள். கையெழுத்துப் போடாத மூன்றாவது ஆளின் பங்கு அங்கே விற்கப்பட்டு விட்டது என்பதை யாரும் எண்ணுவதில்லை. மஹரை அவள் விட்டுக் கொடுக்கலாம், அது அவளுடையது. பிள்ளையின் செலவை நான் ஏற்கிறேன் என்று அவள் ஒப்புக் கொள்வதையும் ஃபிக்ஹு நூல்கள் இடம் பெறச் செய்துள்ளன. ஆனால் பின்னர் அவளிடம் இல்லாமல் போய், பிள்ளைக்காக வந்து கேட்டால், தந்தை கொடுக்கும்படி கட்டாயப்படுத்தப்படுவார் என்று துர்ருல் முக்தார் சொல்கிறது. முச்சலிக்கையைக் காட்டிப் பிள்ளையைப் பட்டினி போட முடியாது. நாம் கேட்டுக் கொள்வது இதுதான்: இனி எழுதப்படும் முச்சலிக்கைகளில் அந்த ஒரு வரியை எழுதாதீர்கள். எழுதும்படி யார் வற்புறுத்தினாலும் ஆலிம் அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

பிள்ளைச் செலவுக்காகப் பெண் நீதிமன்றம் போனால் ஷரீஅத்தை மீறி விட்டாள் என்று தூற்றுவோரும் உள்ளனர். நஃபகா தராதவரைக் காழியின் முன் நிறுத்துவது ஷரீஅத் காட்டிய வழியே. நம் நாட்டில் 1880-ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம் காஜிக்கு நீதி வழங்கும் அதிகாரம் எதையும் தரவில்லை. ஜமாஅத்துக்கோ சொல்லத்தான் முடியும், வசூலிக்க முடியாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவாக இருக்கும் சட்டத்தின் கீழ்ப் பிள்ளைக்குச் செலவு கோரலாம். 1986-ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் சட்டம் பிள்ளை பிறந்து இரண்டாண்டு வரைதான் என்கிறதே என்று ஒரு தந்தை வாதாடியபோது, அது தாய்க்கென்று தரப்பட்ட உரிமை, பிள்ளையின் உரிமை அதனால் குறையாது என்று 1997-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்த இடத்தில் நீதிமன்றம் சொன்னதும் நம் ஃபிக்ஹு சொல்வதும் ஒன்றாகவே இருக்கின்றன. கோபப்பட ஒன்றுமில்லை. ஊரில் வைத்தே முறையாகத் தந்து விட்டால் அவள் ஏன் அங்கே போகப் போகிறாள்?

அந்த இரவின் வழக்கிற்குத் திரும்புவோம். இவ்வளவையும் நாம் அங்கே பேசவில்லை, நேரமும் இல்லை. மூன்று பொறுப்புகள் என்னவென்று மட்டும் எடுத்துச் சொன்னோம். அவர் நெடுநேரம் தாளையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, வளர்ப்புக் கூலி என்றால் அதற்கு எவ்வளவு என்று கேட்டார். தமக்கு அது வேண்டாம், பிள்ளைக்கு உரியதை மட்டும் தரட்டும் என்று தடுப்புக்கு அப்பால் இருந்து பதில் வந்தது. அவர் தலை குனிந்து கொண்டார். தம் தாயாருக்கும் வீட்டு வாடகைக்கும் போக என்ன மிஞ்சும் என்று அங்கேயே விரல் விட்டு எண்ணினார்.

முடிவில் இப்படி எழுதப்பட்டது: பள்ளிக் கட்டணத்தை அவர் நேரடியாகப் பள்ளியில் கட்டுவது, மாதம் 5-ஆம் தேதிக்குள் மளிகை, பால், வேன் வாடகைக்காக 4,000 ரூபாயைப் பிள்ளையின் தாய்க்கு அனுப்புவது, மருத்துவமனைச் செலவு வந்தால் தனியே தருவது. விடுமுறை அல்லாத வெள்ளிக்கிழமைகளில் பள்ளியிலிருந்து மதிய அனுமதி வாங்கி அவரே பிள்ளையை ஜும்ஆவுக்கு அழைத்து வருவது. ஞாயிறு முழுவதும் அவரோடு. பள்ளியை மாற்றுவதாக இருந்தால் இருவரும் பேசிய பிறகே. பணத்தையும் பார்ப்பதையும் ஒரே வரியில் சேர்த்து எழுத வேண்டாம் என்று நாம் சொன்னதால் முத்தவல்லி தாளைக் கிழித்து இரண்டாம் முறை எழுதினார்.

மூன்றாவது மாதம் 5-ஆம் தேதி பணம் வரவில்லை. வெள்ளிக்கிழமை குத்பாவுக்கு ஏறும்போது பார்த்தோம். சிறுவன் வெள்ளைத் தொப்பியோடு அத்தாவின் அருகில் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான். பணம் 14-ஆம் தேதி போய்ச் சேர்ந்ததாகக் கேள்விப்பட்டோம். இப்போது டியூஷன் கட்டணம் என்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன் எதற்கு என்கிறார் அவர். பள்ளி முடிந்து தாம் வீடு திரும்பும் வரை பிள்ளை இருக்க ஓர் இடம் வேண்டாமா என்கிறார் அந்தப் பெண். வருகிற வாரம் மீண்டும் வரச் சொல்லியிருக்கிறோம்.